பிறைற்றன் கடற்கரையில் ஆர் நடக்கலாம்?

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் இருக்கிற பிறைற்றன் நகரத்தில் என்னென்ன பார்க்கலாம் எண்டு தேடினால் வாற பட்டியல் எப்பவும் ஒண்டுதான். கடலுக்குள்ள நீட்டிக்கொண்டு நிற்கிற, இராட்டினங்கள் பூட்டின பெரிய பாலம். குவிமாடங்கள் வைத்த அரண்மனை. ஒடுங்கிய ஒழுங்கைகளுக்குள்ள நகைக்கடைகள். கரையோரம் ஓடுற குட்டி மின்சார ரயில். கூழாங்கல்லுக்கு மேல குந்தியிருந்து மீனும் சிப்ஸும் சாப்பிடுறது. பொழுதுபடுற நேரம் எரிஞ்சுபோன பழைய பாலத்தின் எலும்புக்கூட்டுக்கு முன்னால நிண்டு படம் எடுக்கிறது. லண்டனில சொந்தக்காரர் இருக்கிற எவருக்கும் இந்தப் படங்கள் வட்சப்பில் ஒருமுறையாவது வந்திருக்கும். லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலப் பயணம்தானே.

பட்டியலில் பிழை ஒண்டும் இல்லை. வரலாறு படிக்கிற ஆக்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு, அவ்வளவுதான். ஒரு வடிவான கட்டடத்தைக் கண்டவுடனே இது ஆர் கட்டினது, ஆருடைய காசில, உள்ளுக்குப் போக ஆருக்கு அனுமதி இருந்தது எண்டு கேட்கத் தொடங்கிவிடுவம். பிறைற்றனை அப்படி வாசித்தால் அந்தப் பட்டியல் கொஞ்சம் வேறு மாதிரி ஆகிறது.

முதலில் ஒரு விஷயம். கடற்கரைக்கு உல்லாசமாகப் போவது இயற்கையாக வந்த பழக்கம் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பிறைற்றன் ஒரு மீனவ ஊர். அப்போது அதன் பெயர் பிறைற்றெல்ம்ஸ்ரன். 1514 இல் பிரெஞ்சுக்காரர் வந்து கொளுத்தினார்கள். 1703 இலும் 1705 இலும் வந்த பெரும் புயல்கள் கரையோரத்துக் குடிசைகளை அழித்தன. அந்த ஊர்ச் சனத்துக்குக் கடல் என்றால் தொழில், கடல் என்றால் பயம். வள்ளம் இழுத்து ஏற்றுகிற இடத்தில் போய்க் காற்று வாங்கலாம் எண்டு அவர்களுக்கு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கட கரையோர ஊர்களில் பழைய ஆக்களிடம் கேட்டாலும் ஏறத்தாழ இதே பதில்தான் வரும்.

கடலை மருந்தாக மாற்றி விற்றவர் ஒரு வைத்தியர். பக்கத்து ஊரான லூயிஸைச் சேர்ந்த றிச்சர்ட் றசல், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீர் நல்லது என்று 1750 இல் லத்தீனில் ஒரு நூல் எழுதினார். 1752 இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. அவர் சொன்னது குளிக்கிறதை மட்டுமில்லை, குடிக்கிறதையும்தான். காசுக்காரர் குதிரை வண்டி கட்டிக்கொண்டு வந்து உப்புத்தண்ணி குடித்தார்கள். 1753 இல் றசல் பிறைற்றனிலேயே கடலைப் பார்த்தபடி ஒரு வீடு கட்டி நோயாளிகளை வைத்துப் பார்த்தார். அந்த வீடு இருந்த இடத்தில்தான் பிறகு றோயல் அல்பியன் ஹொட்டேல் எழும்பியது.

இப்ப மீனவ ஊருக்கு ஒரு புதுத் தொழில் வந்தது. சக்கரம் பூட்டிய மரப்பெட்டி ஒன்றைக் குதிரை தண்ணிக்குள்ள இழுத்துக்கொண்டு போகும். உள்ளே சீமாட்டி உடுப்பு மாற்றுவார். வெளியே இடுப்பளவு தண்ணிக்குள் நிற்கிற பலசாலிப் பெண் ஒருவர் அவரைப் பிடித்துத் தாழ்த்தி எடுப்பார். இந்தப் பெண்களில் பேர்போனவர் மார்த்தா கண், மீனவக் குடும்பத்துப் பெண். 1815 இல் இறக்கும்வரை ஊரில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. குளிக்க வந்தவர்களுக்கு அது சிகிச்சை. குளிரில் நாள்முழுக்கத் தண்ணிக்குள்ள நிண்ட மார்த்தாவுக்கு அது கூலிவேலை. ஒரு கடற்கரையில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு இரண்டு கடல்.

1783 இல் வேல்ஸ் இளவரசர் ஜோர்ஜ் வந்தார். வயது 21. தகப்பன் மூன்றாம் ஜோர்ஜின் கண்காணிப்பிலிருந்து தப்பி இருக்க நல்ல தூரம். சூது, குதிரைப் பந்தயம், கடன். அவருடைய கடனைப் பாராளுமன்றம் பொதுக்காசிலிருந்து அடைக்கவேண்டி வந்தது. 1787 இல் ஒரு கடலோர மாளிகை கட்டினார். 1815 இலிருந்து கட்டடக்கலைஞர் ஜோன் நாஷ் அதை அடியோடு மாற்றி, இண்டைக்கு எல்லாரும் படம் எடுக்கிற றோயல் பவிலியனாக ஆக்கினார். வெளியே வடஇந்தியக் குவிமாடங்கள், மினாரத்துகள். உள்ளே சீனத்து டிராகன்கள். விருந்து மண்டபத்தில் தொங்குகிற விளக்கு மட்டும் ஏறத்தாழ ஒரு தொன் நிறை.

நாஷ் இந்தியாவுக்குப் போனதே இல்லை. இளவரசரும் இல்லை. அவர்களிடம் இருந்தது படப்புத்தகம். தோமஸ் டானியல், வில்லியம் டானியல் என்ற இரண்டு ஓவியர்கள் இந்தியா முழுக்கச் சுற்றி வரைந்த காட்சிகள் பெரிய பெரிய தொகுதிகளாக லண்டனில் அச்சாகியிருந்தன. தெற்கே அவர்கள் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும்கூட வந்து வரைந்திருக்கிறார்கள். அந்தத் தொகுதிகளைப் பார்த்துத்தான் குவிமாடம் வந்தது. குவிமாடத்துக்குள்ளே தாங்கி நிற்பது இங்கிலாந்தின் வார்ப்பிரும்பு. இதை நான் நக்கலாகச் சொல்லவில்லை, கட்டடம் உண்மையில் வடிவுதான். ஆனால் அது இந்தியா இல்லை. இந்தியாவைக் கையில் வைத்திருக்கிற ஒரு நாடு தன்னுடைய சாப்பாட்டு மேசைக்கு மேலே கட்டிக்கொண்ட கனவு. இந்தக் கனவுக்குள்ளே நூறு வருஷத்துக்குப் பிறகு உண்மையான இந்தியர்களைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். அந்தக் கதைக்குப் பேந்து வருவம்.

அதுக்கு முதல் ஒரு பீகார்க்காரரைப் பார்க்க வேணும். சேக் டீன் மஹோமெட் 1759 இல் பாட்னாவில் பிறந்தவர். றசல் இறந்ததும் அதே வருஷம்தான். சின்னப் பொடியனாகவே கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காளப் படையோடு திரிந்தார். கப்டன் பேக்கர் என்ற ஐரிஷ் அதிகாரி அவரைக் கூட்டிக்கொண்டு 1784 இல் அயர்லாந்தின் கோர்க் நகருக்குப் போனார். மஹோமெட் அங்கேயே ஜேன் டேலி என்ற ஐரிஷ் பெண்ணைக் கலியாணம் கட்டினார். 1794 இல் தன்னுடைய பயணங்களைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். ஒரு இந்தியர் ஆங்கிலத்தில் எழுதி வெளிவந்த முதல் நூல் அது. 1810 இல் லண்டனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை ஒண்டு திறந்தார். ஹுக்காவும் இருந்தது, கறியும் இருந்தது. 1812 இல் வங்குரோத்து. இண்டைக்கு இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு கறிக்கடை. ஆனால் முதல் ஆள் கடனோடுதான் கதவைச் சாத்தினார்.

1814 இல் குடும்பத்தோடு பிறைற்றனுக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவர் கண்டது, கடல்நீர்ச் சிகிச்சைக்கு வந்து குவியும் மூட்டுவலிக்காரப் பணக்காரர். அவர்களுக்கு என்ன கொடுக்கலாம்? ஊரில் உடம்பு பிடித்துவிடுகிற சம்பி. நோயாளியை மூலிகை ஆவியில் வேர்க்க வைத்து, ஒரு துணிக்கூடாரத்துக்குள் இருத்தி, துணியில் விட்ட ஓட்டைகளால் கையை விட்டு உடம்பைப் பிசைந்துவிடுவார்கள். சம்பி ஆங்கில வாயில் ஷாம்பூ ஆனது. அந்தச் சொல்லுக்குத் தலை முழுகுகிறது எண்ட அர்த்தம் வந்தது அதுக்கும் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். எங்கட குளியலறையில் இருக்கிற போத்தலின் பெயருக்கு இவ்வளவு நீளமான பயணம்.

1821 இல் கடலைப் பார்த்தபடி பெரிய குளியல் நிலையம் ஒன்றைக் கட்டினார். குணமானவர்கள் விட்டுவிட்டுப் போன ஊன்றுகோல்களை வருகிற ஆக்கள் பார்க்கும்படி மாட்டி வைத்தார். இதைவிடச் சிறந்த விளம்பரம் இண்டைக்கும் இல்லை. நான்காம் ஜோர்ஜுக்கும், அவருக்குப் பின் நான்காம் வில்லியத்துக்கும் ஷாம்பூ வைத்தியர் என்ற பட்டத்தோடு அரண்மனைக்குள்ளேயே போய்வந்தார். ஐரோப்பிய வைத்தியர்கள் இவரை ஏமாற்றுக்காரர் என்று இழித்தபோது, தன் பிறந்த ஆண்டைப் பத்து வருஷம் பின்னுக்குத் தள்ளி, கல்கத்தாவில் வைத்தியம் படித்ததாகவும் எழுதிவிட்டார். இதற்காக அவரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலனியிலிருந்து வந்த ஒருவன் தன் கைத்திறனை மட்டும் காட்டினால் போதாது, ஒரு சான்றிதழும் காட்ட வேணும் எண்ட நிலைமையில் அவர் செய்த வேலை அது. நாங்களும் எங்கட விண்ணப்பங்களில் கொஞ்சம் கூட்டித்தானே எழுதுகிறம்.

விக்டோரியா வந்தபின் அரச ஆதரவு போனது. மஹோமெட் 1851 இல் இறந்து புனித நிக்கலஸ் தேவாலய வளவில் அடக்கமானார். மார்த்தா கண்ணும் அதே வளவில்தான். பட்டியலில் இருக்கிற ஒழுங்கைக் கடைகளிலிருந்து நடக்கிற தூரம். அவருடைய பேரன் பிரெடரிக் அக்பர் மஹோமெட் லண்டனில் வைத்தியராகி, உயர் இரத்த அழுத்தம் பற்றிய ஆரம்ப ஆய்வுகளில் முக்கியமான ஒருவரானார். பாட்டனார் கூட்டிச் சொன்ன சான்றிதழ் பேரனிடம் உண்மையாகவே இருந்தது.

விக்டோரியாவுக்குப் பவிலியன் பிடிக்கவில்லை. ஊர் பெருத்துவிட்டது, சனம் எட்டி எட்டிப் பார்க்குது. 1801 இல் ஏழாயிரம் அளவில் இருந்த சனத்தொகை 1831 இல் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. 1845 க்குப் பிறகு அவர் அங்கே வரவேயில்லை. 1850 இல் அரண்மனையை நகரத்துக்கே விற்றுவிட்டார்கள். இந்த ஆண்டை மனதில் வைத்திருங்கோ.

அடுத்த பகுதியை வேகமாகச் சொல்லலாம், ஏனெண்டால் சுற்றுலாப் புத்தகங்கள் இதை நன்றாகவே சொல்கின்றன. 1841 இல் லண்டனிலிருந்து புகையிரதம் வந்தது. மலிவு விலைச் சுற்றுலா ரயில்களில் லண்டன் தொழிலாளர் வந்து இறங்கினார்கள். 1871 இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. கடலுக்குள் நீளும் பாலங்கள் வந்தன. அதை ஆங்கிலத்தில் பியர் எண்டு சொல்லுவினம், குடிக்கிற பியர் இல்லை. முதலாவது சங்கிலிப் பாலம் 1823 இல், பிரான்சுக்குப் போகிற கப்பல்களுக்காகக் கட்டப்பட்டது. 1896 டிசம்பரில் புயல் அதைக் கொண்டுபோனது. 1866 இல் மேற்குப் பாலம். 1975 இல் மூடி, 2003 இல் எரிந்து, இண்டைக்கு எலும்புக்கூடாக நிற்பது அதுதான். இராட்டினங்கள் இருக்கிற பலஸ் பாலம் 1899. மக்னஸ் வோல்க் 1883 இல் ஓடவிட்ட கரையோர மின்சார ரயில், உலகில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறவற்றில் ஆகப் பழையது. இதையெல்லாம் கட்டினதுக்குப் பின்னால ஒரு கேள்வி இருந்தது: அரசர்களுக்கும் சீமாட்டிகளுக்கும் சொந்தமான கரையை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கிடைக்கிற ஆளுக்கு எப்படித் திறப்பது, திறந்தால் அவனிடம் எவ்வளவு அறவிடுவது.

திறந்த பிறகும் சண்டை முடியவில்லை. 1964 மே விடுமுறையில் ஸ்கூட்டரில் வந்த மொட்ஸ் பொடியளும் மோட்டார்சைக்கிளில் வந்த றொக்கர்ஸ் பொடியளும் பிறைற்றன் கரையில் மோதிக்கொண்டார்கள். பத்திரிகைகள் நாடே எரிகிற மாதிரி எழுதின. சமூகவியல் படிக்கிற ஆக்களுக்கு ஸ்ரான்லி கோஹன் எண்ட பெயர் தெரிஞ்சிருக்கும். அந்தக் கோடைகாலங்களை ஆராய்ந்துதான் 1972 இல், ஒரு சமூகம் தன் இளைஞர்களை எப்படிப் பேயாக வரைகிறது என்ற புத்தகத்தை எழுதினார்.

இப்ப பவிலியனுக்குத் திரும்புவம். 1914 ஓகஸ்டில் போர். செப்டெம்பர் கடைசியில் லாகூர், மீரட் பிரிவுகள் பிரான்சில் இறங்கத் தொடங்கின. பஞ்சாப், கர்வால், நேபாளம், வடமேற்கு எல்லை மலைகள், இந்த இடங்களிலிருந்து வந்த ஆக்கள்தான் கூட. ஆர் போர்க்குணம் உள்ள இனம், ஆர் இல்லை என்று பிரித்தானியர் போட்ட கணக்கில் தென்னிந்தியர் பெரும்பாலும் கழிக்கப்பட்டவர்கள். வெப்பநாட்டு உடுப்போடு வந்தவர்கள் ஐரோப்பியக் குளிர்காலப் பதுங்குகுழிக்குள் போனார்கள். டிசம்பரில் காயப்பட்டவர்கள் பிறைற்றனுக்கு வரத்தொடங்கினார்கள்.

மூன்று இடங்கள் வைத்தியசாலையாகின: பவிலியனும் அதன் பக்கத்துக் கட்டடங்களும், ஒரு பாடசாலை, நகரத்து ஏழைகள் விடுதி. அந்த விடுதியில் இருந்த ஏழைகளை வேறு இடங்களுக்கு அனுப்பிவிட்டு அதற்குக் கிச்சனர் பிரபுவின் பெயரை வைத்தார்கள். மொத்தமாக 12,000 க்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பிறைற்றனில் சிகிச்சை பெற்றார்கள். இளவரசரின் குதிரை லாயமாக இருந்த பெரிய குவிமாட மண்டபத்துக்குள் வரிசை வரிசையாகக் கட்டில்கள்.

ஏற்பாடுகள் உண்மையில் கவனமானவை. பவிலியன் வளவில் ஒன்பது சமையலறைகள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வேறு வேறு தண்ணிக்குழாய்கள். உருது, ஹிந்தி, குர்முகி மூன்றிலும் அறிவிப்புப் பலகைகள். சீக்கியருக்கு வளவுக்குள் ஒரு கூடாரக் குருத்வாரா, முஸ்லிம்களுக்குத் தொழுகைக்குப் புல்வெளி. 1857 கிளர்ச்சி பிரித்தானிய அதிகாரிகளின் ஞாபகத்தில் இருந்தது. மதத்தில் கைவைத்தால் என்ன நடக்கும் எண்டு அவர்களுக்குத் தெரியும். சாதியையும் அதே கவனத்தோடு கடல் கடந்து கொண்டுவந்து குழாய்க்குக் குழாய், அடுப்புக்கு அடுப்பு பத்திரமாக வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேணும்.

பிறகு புகைப்படக்காரர்கள் வந்தார்கள். தலைப்பாகையோடு டிராகன் விளக்குக்குக் கீழே படுத்திருக்கிற சிப்பாய்களின் படங்கள் தபாலட்டைகளாக விற்றன. ஆங்கிலத்திலும் குர்முகியிலும் உருதுவிலும் ஒரு நினைவுப் புத்தகம் அச்சடித்து இந்தியாவுக்கும் அனுப்பினார்கள். சொல்லப்பட்ட கதை எளிமையானது: சக்கரவர்த்தி தன் சொந்த அரண்மனையையே தன் சிப்பாய்களுக்காக விட்டுக்கொடுத்தார். அந்த அரண்மனை 1850 இலிருந்தே அரசருடையது இல்லை, நகரசபையுடையது. விட்டுக்கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் பஞ்சாப்பில் அடுத்த ஆளைப் படைக்குச் சேர்க்க இந்தக் கதை தேவைப்பட்டது.

படத்தில் வராதது வேலி. வளவைச் சுற்றிப் பலகையும் முட்கம்பியும். வெளியே போவதென்றால் அனுமதியோடு, கூட்டமாக, கண்காணிப்போடு. காரணம் பாதுகாப்பு மட்டுமில்லை. இந்தியச் சிப்பாயும் வெள்ளைக்காரப் பெண்ணும் கதைத்துப் பழகினால் பேரரசின் மரியாதை என்னாகும் எண்ட பயம். 1915 இல் இந்திய வைத்தியசாலைகளிலிருந்து பெண் தாதிமாரை விலக்கச் சொல்லி இராணுவ அமைச்சு உத்தரவிட்டதும் இதே பயத்தில்தான். ஒழுங்கு ஆகக் கடுமையாக இருந்தது கிச்சனர் வைத்தியசாலையில். அங்கிருந்து எழுதியவர்களில் சிலர் அதைச் சிறை என்றே குறிப்பிட்டார்கள். ஊரே உலாவுவதற்காகக் கட்டிய கடற்கரை, இவர்களுக்குக் கேட்டு வாங்க வேண்டிய சலுகை.

அவர்கள் எழுதிய கடிதங்களை இராணுவத் தணிக்கையாளர்கள் திறந்து, மொழிபெயர்த்து, பிரதி எடுத்து வைத்ததால்தான் இண்டைக்கு எங்களால் அவற்றை வாசிக்க முடிகிறது. ஒடுக்குகிற வேலையே ஆவணக்காப்பகமாக மாறுகிற விசித்திரம் இது. சிலர் வைத்தியசாலையை மனம்விட்டுப் புகழ்ந்திருக்கிறார்கள், அதையும் மறைக்கக்கூடாது. சிலர் தணிக்கைக்குத் தப்ப மிளகுக் கணக்கு எழுதினார்கள். கறுப்பு மிளகு முடிஞ்சுகொண்டு வருது எண்டால், இந்தியச் சிப்பாய்களை முன்னுக்கு அனுப்பி முடிக்கிறார்கள் என்று பொருள். சிவப்பு மிளகு வெள்ளைக்காரச் சிப்பாய். ஊருக்குச் சொல்ல வந்தது ஒண்டுதான்: படைக்கு வராதே.

அவர்களுடைய ஆகப்பெரிய மனக்குறை சாப்பாடோ வேலியோ இல்லை. காயம் ஆறினவனைத் திரும்பவும் அதே பதுங்குகுழிக்கு அனுப்பினது. மீர் தஸ்த் என்ற அப்ரிதி பட்டான் அதிகாரி 1915 ஏப்ரலில் ஈப்பர் களத்தில் நச்சுவாயுவுக்குள் நின்று சண்டையிட்டு, காயப்பட்டவர்களைச் சுமந்து வந்தவர். ஓகஸ்ட் 25 அன்று பவிலியன் புல்வெளியில் ஐந்தாம் ஜோர்ஜ் அவருக்கு விக்டோரியாச் சிலுவை அணிவித்தார். பாண்ட், சபை, புகைப்படம். அந்த நேரத்தில் அவர் அரசரிடம் கேட்டது, ஒருமுறை காயப்பட்டவனைத் திரும்பப் போர்முனைக்கு அனுப்பவேண்டாம் என்பதைத்தான் எனக் கடிதங்கள் சொல்கின்றன. அவருடைய சொந்தச் சகோதரர் மீர் மஸ்த், அதே வருஷம் மார்ச்சில் ஜேர்மன் பக்கத்துக்கு ஓடிப்போயிருந்தார். இரண்டு சகோதரர், ஒரே போர், இரண்டு முடிவுகள். ஆர் வீரன், ஆர் துரோகி எண்டு லேசாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு முடியவில்லை.

1915 கடைசியில் இந்தியக் காலாட்படையை மெசப்பொத்தேமியாவுக்கு மாற்றினார்கள். 1916 தொடக்கத்தில் இந்திய வைத்தியசாலை மூடப்பட்டது. அதன்பின் 1920 வரை கைகால் இழந்த பிரித்தானியச் சிப்பாய்கள் பவிலியனில் இருந்தார்கள்.

பிறைற்றனில் இறந்த முஸ்லிம் சிப்பாய்களை வோக்கிங் பள்ளிவாசலுக்கு அருகே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். இந்துக்களும் சீக்கியருமான 53 பேரை நகரத்துக்கு வடக்கே, பச்சம் கிராமத்துக்கு மேலே உள்ள புல்மேட்டில் எரித்தார்கள். சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். உயிரோடு இருந்தபோது வேலி தாண்டிப் போகக் கேட்க வேண்டியிருந்த கடல் அதுதான்.

1921 பெப்ரவரி 1 அன்று, எரித்த இடத்திலேயே வெள்ளைச் சலவைக்கல்லில் எண்கோணமான ஒரு சத்ரியைத் திறந்து வைத்தார் அப்போதைய வேல்ஸ் இளவரசர். வடிவமைத்தவர் ஈ. சி. ஹென்றிக்ஸ் எண்ட இளம் இந்தியக் கட்டடக்கலைஞர். பவிலியனை நாஷ் படத்தைப் பார்த்துக் கட்டினார். இந்தச் சின்னக் குவிமாடத்தை வரைந்தது இந்தியாவிலிருந்து வந்த ஆளே. அதே வருஷம் பவிலியனின் தெற்கு வாசலில், இந்தியாவின் பரிசு என்று பொறித்த வாயில் ஒன்றைப் பாட்டியாலா மகாராஜா திறந்து வைத்தார். ஆருக்கு ஆர் நன்றி சொல்ல வேணும் எண்டது அங்கே தலைகீழாகக் கல்லில் கிடக்குது.

வாயில் நடுநகரத்தில் இருப்பதால் எல்லாரும் அதுக்குள்ளால நடக்கிறார்கள். சத்ரி மேட்டில் இருப்பதால் மறந்துபோனது. இரண்டாம் உலகப் போரில் அங்கே பயிற்சியெடுத்த படையினர் அதைக் குறிபார்த்துச் சுட்டுப் பழகினார்கள். சூட்டுக் காயங்களைப் பிறகு திருத்த வேண்டியிருந்தது. அதைவிட நீளமான மறதி பெயர்களில். எரிக்கப்பட்ட 53 பேரின் பெயரும் அந்த இடத்தில் எங்கேயும் இருக்கவில்லை. 2010 செப்டெம்பரில்தான் பக்கத்தில் ஒரு கல்லில் பெயர்களைப் பொறித்தார்கள். 95 வருஷம்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் அங்கே ஒரு நினைவுக் கூட்டம் நடக்குது, சீக்கியக் குடும்பங்களும் பழைய படையாட்களும் வருவினம். மற்ற நாட்களில் செம்மறி ஆடுகள்தான். பிறைற்றனுக்குப் போகிற சொந்தக்காரர் ஆரும் இருந்தால் சொல்லுங்கோ: சத்ரி வரைக்கும் வாகனம் போகாது, பச்சம் பக்கத்திலிருந்து புல்வெளிப் பாதையால் ஏற வேணும், மழை பெய்தால் சேறு. மேலே நிண்டு பார்த்தால் முழு நகரமும் தெரியும், நகரத்துக்கு அங்கால கடலும்.